கூரையிலிருந்து பதில் வரவில்லை

போன பனிக்காலத்தில் தோகுசோ கூரைப் பனியை வாரித் தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளிய பனியோடு தானும் கீழே வந்து சேர்ந்தார். அகிதா மலையூர்களில் அது ஒன்றும் அதிசயமில்லை. விழுந்த சிலர் தாமாகவே எழுந்துபோய், ஒரு கிண்ணம் சாக்கே மது குடித்த பிறகுதான் வலிக்கிறது என்பார்கள். தோகுசோ எழவில்லை. இடது தொடை எலும்பு இரண்டாகிவிட்டது.

கூரையில் ஒருவர் ஏறினால், வீட்டின் மறுபக்கம் பனி விழாத இடத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும். கீழே நிற்பவர் அவ்வப்போது குரல் கொடுப்பார். மேலே இருப்பவர் பதில் கொடுப்பார். அன்று அவர் மனைவி கினு, "ஏங்க?" என்றாள். பதில் வரவில்லை. சுற்றி ஓடிவந்து, பனியைக் கையால் தோண்டித்தான் அவர் முகத்தைக் கண்டுபிடித்தாள்.

மகன் மசாஷி சிபா நகரத்தில் எட்டாவது மாடியில் இருக்கிறான். ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டான்: "அப்பா, அடுத்த பனிக்கு உங்களால கூரை ஏற முடியலன்னா, வீட்டப் பூட்டிட்டு எங்ககூட வந்துடணும்."

"எட்டாவது மாடில புறா இருக்கும். மனுஷன் இருப்பானா?"

"ஏறிக் காட்டுங்க. அப்புறம் நான் வாயே திறக்கல."

"சரி" என்றார் தோகுசோ.

அதன் பிறகு அந்தக் காலுக்கு ஓய்வே இல்லை. சாப்பிடும்போது தூக்கினார், குளிக்கும் தொட்டியில் தூக்கினார். பக்கத்து வீட்டு யோனெகிச்சியின் மாமனார் சாவில், பிக்கு மந்திரம் ஓதி முடிப்பதற்குள் தூக்கித் தூக்கி இறக்கியதில், இறந்தவரே எழுந்து அதட்டப் பார்த்தார் என்று ஊரில் பேச்சு. கோடையில் அரிசி மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு கோயில் படி ஏறினார். இலையுதிர் காலத்தில் கினு மூச்சு வாங்க வாங்க அவர் பின்னால் வர வேண்டியிருந்தது. நொண்டல் போயே போய்விட்டது.

பனி வந்தது. யோனெகிச்சியின் நாய் மாடி ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போய்வந்த பனி அது. ஒரு காலையில் தோகுசோ வீட்டு வாசல் கதவு தள்ளினால் நகரவில்லை. கூரை கனத்துவிட்டது என்று வீடு சொல்லும் விதம் அதுதான்.

"அண்ணே, நான் ஏறட்டுமா? உங்க கால் இன்னும் ஆஸ்பத்திரிக்குத்தானே சொந்தம்?" என்றான் யோனெகிச்சி.

"அதே ஆஸ்பத்திரில உன் வாய்க்கும் ஒரு கட்டு போடச் சொல்றேன், இரு."

தோகுசோ ஏறினார். கினு வீட்டுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"ஏங்க?"

"இருக்கேன்."

மண்வெட்டியால் பனியைக் கட்டிகட்டியாக அறுத்துத் தள்ளினார். கால் சொன்னபடி கேட்டது. முக்கால்வாசிக் கூரை முடிந்தபோது அவருக்குப் பாட வேண்டும்போல இருந்தது.

"ஏங்க?"

கேட்டது. இந்தக் கடைசி வரிசையும் முடியட்டும், மொத்தமாகத் துடைத்துவிட்டு ஒரேயடியாகச் சொல்லி அசத்துவோம் என்று நினைத்தார். மறுபடி கூப்பிட்டாள். சிரித்துக்கொண்டே வேகமாகத் தள்ளினார். பிறகு அவள் கூப்பிடவில்லை.

முடித்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூரை விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

போன வருஷம் அவர் விழுந்த இடத்தில் கினு மண்டியிட்டிருந்தாள். கையுறைகள் ஒருபக்கம் கிடந்தன. வெறும் கையால் தோண்டிக்கொண்டிருந்தாள்.

"கினு, நான் இங்க இருக்கேன்."

நிமிர்ந்து பார்த்தாள். அவரைப் பார்த்த பிறகும் அந்தக் கைகள் இன்னும் கொஞ்சம் தோண்டின.

"இறங்கி வாங்க" என்றாள். "சூப் ஆறிடும்."

அடுப்பில் சூப் எதுவும் இல்லை.

அவள் கைகளை வெந்நீரில் வைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நகங்கள் பிளந்திருந்தன.

"உனக்குக் காட்டணும்னுதான் பதில் சொல்லாம இருந்தேன்."

"தெரியும்."

"ஏன் ஒரு வார்த்தை திட்ட மாட்டேங்கற?"

"போன வருஷத்துல இருந்து தூக்கத்துல தோண்டிட்டேதான் இருக்கேன்" என்றாள் கினு. "உங்க கால் சரியாகணும்னு கோயில்ல கும்பிட்டேன். படி இறங்கறப்போ, சரியாகவே கூடாதுன்னும் கும்பிட்டேன். பாவம், சாமிக்கே குழம்பியிருக்கும்."

அவர் கைகளைத் துடைத்துவிட்டார். துணி சுற்றினார். பிறகு எழுந்துபோய் மகனுக்குப் போன் போட்டார்.

"கால் முடியலடா. பாதிலயே இறங்கிட்டேன்."

கூரை துடைத்து வைத்ததுபோல இருந்தது. ஆள் இல்லாத வீடு அந்த ஊரில் நாலைந்து பனிக்கு மேல் நிற்காது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். போக வேண்டாம் என்று சொல்ல கினுவால் முடியவில்லை.

மசாஷி வண்டியோடு வந்தான். தோகுசோ ஜன்னல்களுக்குப் பலகை அடித்தார், தண்ணீர்க் குழாயை மூடினார், கதவைப் பூட்டினார். ஊரே வந்து நின்றது. யோனெகிச்சி மட்டும் கண்ணைச் சுருக்கினான்.

"என்னண்ணே, அன்னிக்கு கூரை மேல ஆட்டுக்குட்டியாட்டம் துள்ளினீங்க?"

"ராத்திரி வீங்கிடுச்சுப்பா."

"அப்படியா" என்றான். அதற்கு மேல் அவன் கேலி செய்யவில்லை.

வாசலிலிருந்து வண்டி வரைக்கும் மிதித்துச் சமப்படுத்திய பனிப்பாதை. மகன் பார்த்துக்கொண்டிருந்தான். தோகுசோ ஒரு காலை இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்தார். கினு பின்னாலேயே வந்து, துணி சுற்றிய கையால் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, காதருகில் மெதுவாகச் சொன்னாள்:

"அந்தக் கால் இல்லங்க. இடது."

அவர் காலை மாற்றிக்கொண்டார்.