மினுவின் முறை

எனக்குக் கண் நன்றாகத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், இதைக் கேட்டவர்கள் எல்லோரும் என் கண்ணைத்தான் முதலில் சந்தேகப்பட்டார்கள். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். ஊரில் பாதிப் பேருக்கு நான்தான் பவர் பார்த்துச் சொல்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

இன்னொன்று. பேய் வர வேண்டுமென்றால் இருட்ட வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்றெல்லாம் நினைத்திருந்தால் அதை மாற்றிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது மதியம் மூன்று பத்துக்கு வந்தது. ஜன்னலில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. மாடியில் யாரோ துணி உதறிக்கொண்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எங்களைச் சேர்த்துவைத்ததே வீடியோ கேம்தான். அதிலும் ரோல்பிளே கேம்கள். நாலு பேர் கூட்டமாகக் கிளம்பி, காடு மலை சுற்றி, பூதங்களோடு சண்டை போட்டு, லெவல் ஏறிக்கொண்டே போகிற கதை விளையாட்டு. எனக்குப் புதிதாக வந்தவைதான் பிடிக்கும். போன வருடம் ஒன்று வந்தது. முழு ஊரும் ஒரு பாலத்தின் மேலேயே கட்டப்பட்டிருக்கும். கூட வருகிற திருடனிடம் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் இரண்டு நாள் உர்ரென்று இருப்பான். சண்டை வந்தால் நான் என் ஆளை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். கூட இருப்பவர்கள் அவரவர் வேலையை அவரவரே செய்துகொள்வார்கள். வெட்டுகிறவன் வெட்டுவான், மருந்து கொடுக்கிறவள் மருந்து கொடுப்பாள். நான் உருகி உருகி விளையாடியதை அவரும் பக்கத்தில் உட்கார்ந்து முடித்தார். முடித்துவிட்டுச் சொன்னார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பழசு மாதிரி வராது."

எதைக் காட்டினாலும் இதே பாட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படி என்னதான் அந்தப் பழசு, ஒருநாள் காட்டுங்களேன் என்றேன். அலமாரி மேலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினார். அவர் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாங்கிய கேம் பெட்டி. மஞ்சள் பூத்துப் போயிருந்தது. கண்ட்ரோலருக்கு வயர் இருந்தது.

திரையில் வந்தவை கட்டம் கட்டமான பொம்மைகள். இரண்டு புள்ளி வைத்தால் கண், அவ்வளவுதான். இதற்கா இத்தனை பில்டப் என்று சிரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் முன்பு பாதியில் சேவ் பண்ணி வைத்திருந்த ஆட்டத்தைத் திறந்தார். நாலு பேர் வரிசையாக வந்து நின்றார்கள். வாள் வைத்திருந்தவனுக்கு அவர் பெயர். கோடரிக்காரன் பெயர் குண்டன். மந்திரக்காரனுக்கு அவருடைய கணக்கு வாத்தியார் ஞாபகமாக வாத்தி என்று பெயர். நாலாவதாக மருந்து கொடுக்கிறவள். மினு. லெவல் நாற்பத்தொன்று.

மினு யார் என்று கேட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்ணாம், அவருடைய அக்காவோடு படித்தவளாம். இவரும் அவளும் சேர்ந்துதான் விளையாடுவார்களாம். ஒரே கண்ட்ரோலர். மினுவின் முறை வரும்போது அதை அவள் கையில் கொடுத்துவிடுவாராம். கடைசிக் கதவு வரைக்கும் வந்துவிட்டார்கள். அதை இருவரும் சேர்ந்துதான் திறக்க வேண்டும் என்று பேச்சு. அதற்குள் அவளுடைய அப்பாவுக்கு மாற்றல் வந்து குடும்பமே ஊரைவிட்டுப் போய்விட்டது. அதன்பிறகு அவர் அந்தக் கதவைத் திறக்கவே இல்லை. வருடத்துக்கு ஒருமுறை பெட்டியை இறக்கி, கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருவாராம்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது? கட்டம் கட்டமான ஒரு பொம்மை மேல் எனக்குப் பொறாமை வந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நொடி கண்ட்ரோலரை வலப்பக்கம் லேசாக நீட்டுவார். பிறகு தானே இழுத்துக்கொள்வார். கை வலியோ என்று நினைத்தேன். கதையைக் கேட்டபிறகுதான் புரிந்தது. மினு உட்காரும் பக்கம் அது.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் வாத்தியை விளையாட்டிலுள்ள சத்திரத்தில் விட்டுவிட்டு, அந்த நாலாவது இடத்தில் ஒரு புதிய மந்திரக்காரியைச் சேர்த்தார். அவளுக்கு டுமீல் என்று பெயர் வைத்தார். அது அவர் எனக்கு வைத்த பெயர். நான் கோபத்தில் வெடிப்பேன் என்பதற்காக. எங்கள் இருவரைத் தவிர ஈ எறும்புக்குக்கூட அந்தப் பெயர் தெரியாது. டுமீல், லெவல் ஒன்று. கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தவள் ஒன்று, பக்கத்து வீட்டுக்காரி நாற்பத்தொன்று. எப்படி இருக்கிறது நியாயம்?

அன்றே முடிவு பண்ணினேன். அந்தக் கதவை நானே திறந்து, முடித்து, சேவ் பண்ணிவிட வேண்டும். அதோடு அந்தப் பழசு தொலையட்டும்.

எனக்கு மதியம் இரண்டரைக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். அவர் வர ஏழாகும். தினமும் மூன்று மணிக்கு உட்கார்ந்தேன். டுமீலின் லெவலை மளமளவென்று ஏற்றினேன். விளையாட்டும் பிடிபட்டது. இவர் பெயர் கொண்ட வாள்காரனுக்கும் குண்டனுக்கும் டுமீலுக்கும் ஒவ்வொரு முறையும் நான் கட்டளை கொடுக்க வேண்டும். மினுவுக்கு வேண்டியதில்லை. அவள் முறை வந்தால் அவளே மருந்து கொடுத்துவிடுவாள். பரவாயில்லையே, அந்தக் காலத்திலேயே இந்த வசதி இருந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஓரவஞ்சனை தாங்க முடியவில்லை. இவருக்கு ஒரு கீறல் விழுந்தால் உடனே மருந்து. குண்டனுக்கும் மருந்து. டுமீல் குற்றுயிரும் குலையுயிருமாகக் கிடந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். கதவுக்கு முன்னால் ஒரு காவல் பூதம் நிற்கும். மந்திரத்தைத் தவிர எதுவும் அதன்மேல் பலிக்காது. ஒவ்வொரு தடவையும் டுமீல் செத்தாள். ஒவ்வொரு தடவையும் தோற்றேன்.

ஒருநாள் சாப்பிடும்போது வாயைக் கட்ட முடியவில்லை. கதவு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு, மதியத்தில் விளையாடுவதைச் சொல்லிவிட்டேன்.

"உங்க மினுவுக்கு என்மேல என்ன கோபம்? எல்லாருக்கும் மருந்து குடுக்கிறா, எனக்கு மட்டும் குடுக்க மாட்டேங்கிறா."

"நீ குடுக்கச் சொன்னாத்தானே குடுப்பா."

"நான் எதுக்குச் சொல்லணும்? அவ முறை வந்தா அவளே செய்யறாளே."

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"அதுல யாரும் தானா எதுவும் செய்ய மாட்டாங்க. பழைய கேம் அது. நாலு பேருக்கும் நாமதான் அமுக்கணும். அமுக்கலேன்னா அப்படியே நிப்பாங்க. நாள் பூரா நிப்பாங்க."

விளையாட்டு பழசு, எங்கேயாவது கோளாறாகியிருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார். மினு இப்போது எங்கே இருக்கிறாள், உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டேன். போனபிறகு பார்க்கவே இல்லை, தெரியாது என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. நானே முடிவு கட்டிக்கொண்டேன். மினு செத்துப்போய்விட்டாள். செத்தவள் மேல் பொறாமைப்படக் கூடாது என்று மனதை ஆற்றிப் பார்த்தேன். ஆறவில்லை. அவள் செத்துப்போயும் இவர் பக்கத்திலேயே அல்லவா உட்கார்ந்திருக்கிறாள்!

புத்தியுள்ளவள் அன்றோடு நிறுத்தியிருப்பாள். எனக்குப் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது.

மறுநாள் மூன்று மணி. மினுவைச் சத்திரத்தில் கொண்டுபோய் விட்டேன். நீ இங்கேயே கிட என்று வாய்விட்டே சொன்னேன். வாத்தியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டேன். கதவுக்குப் போனேன். காவல் பூதம் வந்தது.

மணி மூன்று பத்து.

முதல் சுற்று நன்றாகப் போயிற்று. இரண்டாவது சுற்றும். பூதத்தின் உயிர் பாதிக்கு இறங்கிவிட்டது. சிரித்துக்கொண்டேன்.

மூன்றாவது சுற்றில் டுமீலுக்குப் பலமான அடி. கீழே பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். இவர். குண்டன். டுமீல். நாலாவதாக...

மினு.

வாத்தி இல்லை. நான் ஒன்றையும் மாற்றவில்லை. சண்டை நடுவில் ஆளை மாற்றவும் முடியாது.

கையில் வயர் இறுகியது. யாரோ மெல்ல இழுப்பதுபோல. வலப்பக்கமாக.

விட்டுவிட்டேன்...

கண்ட்ரோலர் தரையில் விழவில்லை. சோபாவின் வலப்பக்க மெத்தைமேல் போய் நின்றது. அந்த மெத்தை ஏற்கெனவே குழிந்திருந்தது.

டக்.

திரையில் ஆளைத் தேர்ந்தெடுக்கும் அம்புக்குறி இவருக்கு நேராக வந்தது. மருந்து.

டக்... டக்.

குண்டன். மருந்து.

அம்பு டுமீலிடம் வந்தது.

நின்றது.

மாடியில் துணி உதறும் சத்தமும் நின்றிருந்தது. என் பக்கத்தில் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். யோசிக்கும்போது பிடிப்போமே, அப்படி.

டக்.

அம்பு டுமீலைத் தாண்டிப் போயிற்று.

டுமீல் விழுந்தாள்.

எழுந்து ஓடி ஸ்விட்சை அணைத்தேன். திரை கறுத்தது. திரும்பிப் பார்த்தேன். சோபாவில் யாரும் இல்லை. குழிந்திருந்த மெத்தை மட்டும்... மெதுவாக... மேலே எழுந்தது.

அன்றே பெட்டியைக் கட்டினேன். பிரவுன் டேப்பை நாலு சுற்றுச் சுற்றினேன். அவசரத்தில் என் தலைமுடி ஒன்று டேப்புக்கு அடியில் சிக்கிக்கொண்டது. அப்படியே அலமாரி மேல் ஏற்றினேன். வயர் போய்விட்டது, இனிமேல் அதைத் தொட வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நாட்கள் போயின. நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

பிறகு என் நாத்தனாரின் மகனுக்குப் பிறந்தநாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. எங்கேயோ லிஃப்ட் நின்றுவிட்டது என்று அழைப்பு வந்ததால் இவர் வரவில்லை. நான் மட்டும் போனேன். நாத்தனார் என்னை ஒரு பெண்ணிடம் அழைத்துப் போனார். பழைய சிநேகிதி, திரும்பவும் இந்த ஊருக்கே வேலைக்கு வந்துவிட்டாள் என்றார்.

"இவதான் மினு. உன் வீட்டுக்காரரோட சின்ன வயசுக் கூட்டாளி."

பேப்பர் தட்டில் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உதட்டோரத்தில் கிரீம். உயிரோடு, திடமாக, என்னைவிட அழகாக இருந்தாள். என்ன வேலை என்று கேட்டுவைத்தேன். ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனாம். எப்போதும் நைட் ஷிஃப்டாம். பகலில்தான் தூக்கமாம், மூன்று மணிக்கு மேல்.

இவர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தாள். அந்தப் பழைய கேமை இன்னும் வைத்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள்.

"கொஞ்ச நாளா அது கனவுல வருது. தூங்கினா அதே சண்டை. கூட ஒரு புது மந்திரக்காரி இருப்பா. எல்லாருக்கும் மருந்து குடுப்பேன், அவளுக்கு மட்டும் கை போகாது. ஏன்னே தெரியல. அவ பேரு கூட வேடிக்கையா இருக்கும்."

"என்ன பேரு?"

"டுமீல்."

என் கையிலிருந்த டம்ளரை ஜன்னல் திண்டின் மேல் வைத்தேன். தண்ணீர் தளும்பிவிட்டது. இன்னும் அந்தக் கனவு வருகிறதா என்று கேட்டேன்.

"நேத்து மத்தியானம் வந்துச்சு. இனிமே வராதுன்னு நினைக்கிறேன். கதவைத் திறந்துட்டோம், நானும் அவனும். அந்தப் பொண்ணைச் சத்திரத்துலயே விட்டுட்டோம். பாவம், வாசல்லயே நின்னு பார்த்துட்டிருந்தா." கேக்கில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "கூட்டிட்டுப் போலாம்னுதான் நான் சொன்னேன். அவன்தான் வேணாம்னுட்டான்."

வீட்டுக்கு வந்தபோது மணி ஆறு நாற்பது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பெட்டியை இறக்கினேன். டேப் கிழியவில்லை. அடியில் என் தலைமுடி அப்படியே இருந்தது. கிழித்து, வயரை மாட்டி, சேவ் பண்ணிய ஆட்டத்தைத் திறந்தேன்.

கதவு திறந்திருந்தது. விளையாட்டு முடிந்ததற்கு அடையாளமாக மூலையில் ஒரு நட்சத்திரம். கூட்டத்தில் இரண்டே பேர். இவரும் மினுவும். சத்திரத்துக்குள் போய்ப் பார்த்தேன். குண்டன் இருந்தான். வாத்தி இருந்தான். வாசலில் டுமீல் நின்றுகொண்டிருந்தாள். நான் ஏற்றிய லெவல் எல்லாம் போய்விட்டது. லெவல் ஒன்று.

ஏழு மணிக்கு இவர் வந்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது. நட்சத்திரம் திரையில் இருந்தது. சாவியை வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நேத்து மத்தியானம் தூங்கினீங்களா?"

"வண்டியில ஒரு கால் மணி நேரம் சாஞ்சேன். ஏன்?"

"கனவு ஏதாவது வந்துச்சா?"

அவர் திரையைப் பார்த்தார். இத்தனை வருடம் பூட்டி வைத்திருந்த கதவு திறந்து கிடந்தது. இதை யார் முடித்தது என்று அவர் என்னிடம் கேட்கவே இல்லை. அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை.

லேசாகச் சிரித்தார். மேஜையிலிருந்த கண்ட்ரோலரை எடுத்து, பழக்கதோஷத்தில் வலப்பக்கம் நீட்டினார். இந்தத் தடவை அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளவில்லை.

நான் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன்.