தேரன்று நின்ற லாரி

ஆடிப்பூரம் என்றைக்கு வருகிறது என்று எங்கள் பக்கத்தில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரோட்டம். லாரி, டெம்போ எதையும் ஊருக்குள் விடமாட்டார்கள். ராஜபாளையத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இதை ஒருவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதாலேயே, ஆந்திராவிலிருந்து சரக்கு ஏற்றி வந்த டிரைவருக்கு அதை நாங்கள் யாருமே சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிப் பஞ்சு தயாரிக்கும் மில் எங்களுடையது. நான் அங்கே பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறேன். என்னையும் சேர்த்து மூன்று பேர். மில்லுக்கு வேண்டிய கழிவுப் பஞ்சிலிருந்து அட்டைப்பெட்டி வரை நாங்கள்தான் வாங்க வேண்டும். சரக்கு நன்றாக இருந்தால் பேர் மில்லுக்கு. விலை கூடினால் திட்டு எங்களுக்கு. கணவர் கேட்பார், "காய்கறிக்காரர்ட்ட மட்டும் ஏன் பேரம் பேச மாட்டேங்கிற?" என்று. நாள் முழுக்கப் பேசிவிட்டு வருகிறவளுக்கு அந்தத் தெம்பு எங்கிருந்து வரும்?

அந்த வருஷம் சின்ன முதலாளி வெளியூரில் படித்துவிட்டு வந்திருந்தார். ஸ்டோரில் அடுக்கி வைத்த சரக்கெல்லாம் தூங்குகிற பணம் என்றார். பதினைந்து நாளுக்கு வைத்திருந்த பெராக்சைடை இரண்டு நாளுக்குக் குறைக்கச் சொன்னார். பஞ்சை வெளுக்க வைப்பது அதுதான். முன்பெல்லாம் தட்டுப்பாடு வந்தால் பக்கத்து மில்லில் நாலு கேன் கைமாற்று வாங்குவோம், பிறகு கொடுப்போம். கணக்குக் குழம்புகிறது என்று அதையும் நிறுத்திவிட்டார். நாங்களும் குறைத்தோம். வாங்கும் செலவு இறங்கியது, மீட்டிங்கில் கைதட்டல் வாங்கினோம். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

வெளுப்புப் பிரிவுக்கு ஒரு மாஸ்டர். ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார், என்னைத் தாயி என்பார். பெரிய இரும்புக் கலனில் பஞ்சை ஏற்றி, காரம் போட்டு வேகவைத்து, பிறகு பெராக்சைடு விட்டு வெளுக்க வைப்பது அவர் வேலை. வெந்த பஞ்சைச் சூட்டோடு காக்கவைத்தால் மஞ்சள் தட்டிவிடும். போன வருஷம் பாய்லர் கோளாறில் ஒரு லாட் மஞ்சளாகப் போனதற்கு அவர்தான் திட்டு வாங்கினார். இன்னொரு லாட் போனால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று பெரிய முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் அப்பா பேருக்குக் கீழே வேலையையும் போடச் சொல்லி மாப்பிள்ளை வீட்டார் கேட்டிருந்தார்கள். அவரோ பத்திரிகையை அச்சுக்கே கொடுக்காமல் இருந்தார்.

"வேலை நிலைக்குதான்னு பாத்துட்டு அடிக்கலாம் தாயி. அச்சடிச்சிட்டு முழிக்கக் கூடாதுல்ல" என்று என்னிடம் சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

தேரன்று காலையில் அவர் போன் செய்து, "பெராக்சைடு வந்துருமா? பஞ்ச ஏத்தட்டுமா?" என்று கேட்டார். ஏற்றுமதி ஆர்டர் இருந்ததால் மில்லுக்கு விடுமுறை இல்லை. லாரி டிரைவரிடம் போனில் கேட்டேன். ராத்திரியே வந்திருக்க வேண்டிய வண்டி, டயர் வெடித்ததால் தாமதம், இப்போது திருமங்கலம் தாண்டிவிட்டது என்றார். "வண்டி பக்கத்துல வந்துருச்சுண்ணே, நீங்க ஏத்துங்க" என்று மாஸ்டரிடம் சொன்னேன். அவர் ஏற்றினார்.

சற்று நேரம் கழித்து டிரைவரே கூப்பிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே போலீஸ் மறித்துவிட்டது, தேர் நிலைக்கு வந்த பிறகுதான் விடுவார்களாம் என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் வாசலில் கோலம் போடும்போது, இன்றைக்குத் தேர் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசிவிட்டு வந்தவள் நான்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைந்ததும் கூட்டம். தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல். சந்து சந்தாகப் புகுந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் சேலையெல்லாம் வேர்வையில் நனைந்துவிட்டது. வேப்பமரத்தடியில் லாரி நின்றது. டிரைவரிடம் எனக்குத் தெரிந்த தெலுங்கில் பேசினேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்குதான். அவர் கையை விரித்தார். காவலுக்கு நின்ற போலீஸ்காரர், "தேர் எப்ப நிலைக்கு வரும்னு ஆண்டாளுக்குத்தான்ம்மா தெரியும்" என்றார்.

சின்ன முதலாளி போனில் வந்தார். பதற்றமே இல்லாத குரல்.

"ஒரு குட்டியானை வண்டி பிடிங்க மேடம். பாதிக் கேனை அதுல மாத்திக்கிட்டு ஊருக்குள்ள வந்துருங்க. யாரும் கேட்டா நீர்மோர்ப் பந்தலுக்குத் தண்ணின்னு சொல்லுங்க. பாக்க அப்படித்தான இருக்கும்?"

பார்க்க அப்படித்தான் இருந்தது. வெள்ளைக் கேன், உள்ளே தெளிந்த திரவம். ஒரு நிமிஷம் என் மனம் அந்தப் பக்கம் சாய்ந்தது. கலனில் வெந்துகொண்டிருந்த பஞ்சும், அச்சுக்குப் போகாத பத்திரிகையும் கண் முன்னால் நின்றன. கேன்களைப் பார்க்க வேண்டும், பின்கதவைத் திறங்கள் என்று டிரைவரிடம் சொன்னேன்.

அவர் திறந்ததுதான் தாமதம். பக்கத்துப் பந்தலிலிருந்து இரண்டு ஆட்கள் ஓடி வந்தார்கள்.

"மகராசி, நல்ல நேரத்துக்கு வந்தீக. அண்டா காலியாக் கிடக்கு" என்றபடி ஒருவர் ஒரு கேனை இறக்கித் தோளில் வைத்துவிட்டார். நானும் டிரைவரும் சுதாரிப்பதற்குள் பந்தலுக்குள் போய் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அண்டாவைச் சுற்றிக் கையில் தம்ளரோடு நின்றார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி முன்னால் நின்றாள்.

ஓடினேன். போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். கேன் ஆடி, அவர் விரலில் கொஞ்சம் சிந்தியது.

"தண்ணியில்லண்ணே. ஆசிட் மாதிரிண்ணே அது" என்றேன். அதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

அவர் விரல்கள் கண் முன்னாலேயே சுண்ணாம்பு அப்பியதுபோல் வெளுத்தன. குடத்துத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினேன். "எரியுதே, எம்மா எரியுதே" என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. தம்ளரோடு நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கேனை மூடி லாரியில் ஏற்றிக் கதவைப் பூட்டச் சொன்னேன். சின்ன முதலாளிக்குப் போன் போட்டேன்.

"குட்டியானை வராது சார். வண்டியத் திருப்பி, சிவகாசி சுத்தி ஆலங்குளம் வழியா அனுப்புறேன்."

"அதுக்குள்ள பஞ்சு போயிரும் மேடம்."

"போகட்டும் சார்."

மாஸ்டரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. பந்தலில் நடந்ததைச் சொன்னேன்.

"சரி தாயி. சுத்தியே வரட்டும். நான் தண்ணிய மாத்தி மாத்தி விட்டுப் பாக்கேன்" என்றார்.

அவர் என்ன செய்தும் பஞ்சு தங்கவில்லை. லாரி வந்து சேர்ந்தபோது இளமஞ்சளாகிவிட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆகாது என்று மெத்தைக்காரருக்கு அடிமாட்டு விலைக்குப் போனது.

மாதக் கடைசியில் மீட்டிங். திரையில் ஒவ்வொரு பிரிவின் கணக்கும் வந்தது. பர்ச்சேஸ் பச்சையில் இருந்தது. கையிருப்பு குறைவு, செலவு குறைவு, பாராட்டு. அடுத்து வெளுப்புப் பிரிவு. கெட்டுப்போன லாட் முழுக்க அங்கே சிவப்பில் இருந்தது. மாஸ்டர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். பெரிய முதலாளி அவரைப் பார்த்து, "சொன்னேன்ல, இன்னொரு தடவைன்னா என்னன்னு" என்று ஆரம்பித்தார்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அதைத் திரையில் கலர் கலராகப் போட்டுக் காட்டி நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எழுந்துவிட்டேன்.

"அந்த லாட் பர்ச்சேஸ் கணக்குல வரணும் சார்" என்றேன். "ஏத்துங்கன்னு சொன்னது நான். கையில சரக்கு இல்லாம வச்சிருந்தது நாங்க. சுண்டைக்கா கால்பணம், சுமைகூலி முக்கால்பணம். கால்பணத்த மட்டும் எங்க பேர்ல எழுதிக் கைதட்டுறீங்க. முக்கால்பணத்த அவர் தலையில கட்டுறீங்க."

சின்ன முதலாளி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குட்டியானைப் பேச்சை நான் எடுத்துவிடுவேனோ என்று நினைத்திருப்பார். எடுக்கவில்லை. ஆனால் அவரைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன்.

"எழுதினா உங்க மூணு பேர் போனஸும் அடிபடும், தெரியும்லா?" என்றார் பெரிய முதலாளி.

"தெரியும். எழுதுங்க சார்."

என் இரண்டு சகாக்களில் ஒருவர் என்னோடு பேச வெகுநாளானது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவரைக் கேட்காமல்தான் சொன்னேன். பெரிய முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கணக்கரிடம், "மாத்தி எழுது. சரக்கையும் பழையபடி வாங்கி வைங்க" என்றார். அதோடு அடுத்த பிரிவுக்குப் போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து மாஸ்டர் என் மேசைக்கு வந்தார். பஞ்சுத் தூசி அப்பிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"பத்திரிகைய சிவகாசிக்கு அனுப்பிட்டேன் தாயி. மாப்பிள்ளை வீட்டுக்காரவிய சொன்ன மாதிரியே, வேலையையும் போட்டாச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, "பெராக்சைடு வந்துருச்சுண்ணே, பதினஞ்சு நாளைக்குத் தாங்கும். நீங்க பஞ்ச ஏத்துங்க" என்றேன்.

அவர் நகரவில்லை.

"கோவிச்சுக்கிடாத தாயி. செத்த ஸ்டோர் வரைக்கும் வா. கண்ணால பாத்துட்டுப் பொறவு ஏத்துறேன்" என்றார்.

சாவியை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன்.