மெயிலில் வந்த கையெழுத்து

என் கணவர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், ஆர்டர்களைக் கவனித்து முடித்துக் கொடுப்பவர். துணியின் நிறமோ காலரின் அளவோ, எதற்கும் பையரின், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரரின், ஒப்புதல் வேண்டும். அது கையெழுத்தோடு மெயிலில் வந்து விழுந்தால்தான் மனுஷனுக்குச் சோறு இறங்கும். அவரும் தன் கையெழுத்தை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். கடிதத்தை அடித்து, அடியில் அதை ஒட்டி அனுப்பிவிடுவார். பேனா பிடிக்கவே மறந்திருக்கும் என்று நான் கிண்டல் செய்வேன்.

எனக்கு வலி கண்ட காலையில் அவர் சென்னையில் பையரோடு உட்கார்ந்திருந்தார். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று நம்பிப் போனவர். மாமியார்தான் என்னை ஆட்டோவில் ஏற்றி, தாராபுரம் ரோட்டில் இருந்த நர்சிங் ஹோமில் சேர்த்தார். டாக்டரம்மா பார்த்துவிட்டு, குழந்தை குறுக்கே கிடக்கிறது, தாமதிக்காமல் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். பிள்ளை நல்லபடியாக வந்தால் போதும் என்று தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

மாமியார் மட்டும் மசியவில்லை. "ஏனுங்க, எம்பையன் கையெழுத்தில்லாம எப்படீங்க?" என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு மகனுக்குப் போன் போட்டார்.

"அம்மா, பதறாதீங்க. இப்பவே மெயில்ல அனுப்பீர்றேன்."

சொன்னபடியே வந்தது. ரிசப்ஷன் பெண் பிரின்ட் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். 'அப்ரூவ்டு. ப்ளீஸ் புரொசீட்.' அடியில் ஒட்டின கையெழுத்து. சாயத் துணிக்கு அனுப்புகிற அதே வார்த்தைகள்! அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு பீறிட்டது.

டாக்டரம்மாவும் சிரித்தார். "இது கையெழுத்தோட போட்டோங்கம்மா. யாரு வேணும்னாலும் ஒட்டலாம். உங்க பையன்தான் அனுப்புனார்னு நான் எப்படி நம்பறதுங்க?"

"எம்பையன் எழுத்து எனக்குத் தெரியாதுங்களா?"

"அவரு நேர்ல வந்து போட்டாலும் எனக்கு அது வேண்டாமுங்க. இவங்க மேஜர், நெனவோட இருக்கறாங்க. இவங்க ஒடம்புக்கு இவங்க சம்மதந்தான் சட்டப்படி செல்லும்." பிறகு என் பக்கம் குனிந்து, என்ன செய்யப் போகிறார், என்ன ஆபத்து வரலாம் என்று பொறுமையாகச் சொன்னார். "புரிஞ்சுதா கண்ணு? உனக்குச் சம்மதமா?"

கல்யாணச் சேலையின் நிறத்தைக்கூட என்னைக் கேட்காமல் எடுத்த குடும்பம் எங்களுடையது. சம்மதம் என்று சொல்லும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒருக்களித்துப் படுத்தபடியே கையெழுத்துப் போட்டேன். கோழி கிளறியது போல் வந்தது. "அட்மிஷன்ல போட்ட மாதிரி இல்லீங்களே?" என்று இழுத்தாள் ரிசப்ஷன் பெண்.

"உனக்கும் ஒருநாள் வலி வரும், அன்னிக்குப் போட்டுப் பாரு!" என்று சீறினேன்.

"எங்கண்ணு முன்னால போட்டாங்க. அதுக்கு மேல என்ன சாட்சி?" என்றார் டாக்டரம்மா.

பெண் குழந்தை. அழுகையிலேயே ஊரைக் கூட்டினாள். நர்ஸ் அவள் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டினார். அதில் என் பெயர், பக்கத்தில் 'குழந்தை' என்று மட்டும் இருந்தது. என் கையிலும் அதே போல் ஒன்று. இரண்டையும் ஒத்துப் பார்த்த பிறகே என்னிடம் கொடுத்தார்.

சாயங்காலம் பெட்டியும் கையுமாக என் கணவர் ஓடிவந்து குழந்தைக்குக் கையை நீட்டினார். அப்போதுதான் அவளைத் தொட்டிலிலிருந்து தூக்கியிருந்த நர்ஸ் ஓர் அடி பின்வாங்கினார்.

"நீங்க யாருங்க?"

"அப்பாங்க... நாந்தானுங்க அப்பா."

நர்ஸ் என்னைப் பார்த்தார். "அக்கா, குடுக்கலாமுங்களா?"

கொஞ்சம் யோசிப்பது போல் பாவனை செய்தேன். என் கணவர் முகம் போன போக்கைப் பார்த்து மாமியாரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"குடுங்க" என்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதற்கும் சம்மதம் சொன்னதில்லை.