எங்கள் வீட்டிலிருந்து ஓர் ஆள்

மயிலாப்பூரில் எங்கள் சபையில் என் வீட்டுக்காரருக்கு ஆள்பிடிக்கிறவர் என்று பெயர். ஊழியத்துக்கு ஆள் சேர்க்கும் குழுவுக்கு அவர்தான் பொறுப்பாளர். ஆராதனையில் யாராவது கணீரென்று வேதபாடம் வாசித்துவிட்டால் போதும், வாசலிலேயே மடக்கி, "ஒரு பிரசங்கம் பண்ணிப் பாரேன்" என்பார். பொறுமையாகப் பேசுகிற பெண் கண்ணில் பட்டால் ஞாயிறு பள்ளிக்கு டீச்சர். பையன் இன்னும் கொஞ்சம் பக்தியாகத் தெரிந்தால் நேரே இறையியல் கல்லூரி, போதகராகக் குருப்பட்டம்தான்.

ஞாயிறு மத்தியானம் என்னையும் இழுத்துக்கொண்டு பறக்கும் ரயிலில் வேளச்சேரி போவார். உண்டு கண்ணயரும் நேரத்தில் அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறோமே என்று நான் வழியெல்லாம் முணுமுணுப்பேன். ஒரு வீட்டில் எங்களைப் பார்த்ததும் அந்த அம்மா மகனை மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டு, "வெளிய போயிருக்கான் சார்" என்றார். இவர் அசையவில்லை. காபி வந்தது, முறுக்கு வந்தது, வெயில் தாங்காமல் மகனும் இறங்கி வந்தான். இன்று அவன் போதகர். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு, இப்போது ஞாயிறு மத்தியானம் நான் நிம்மதியாகத் தூங்கலாம். தூக்கம்தான் வருவதில்லை.

எங்களுக்கு ஒரே மகள். அவர் இருந்தபோது அவளுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலை. ஒரு நாள் சாயங்காலம் நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் குருத்துவப் படிப்புக்குப் போறேன்."

இவர் டி.வி.யைப் பார்த்தபடி, "கைநிறையச் சம்பளம் வாங்குறியேம்மா" என்றார். வேளச்சேரி அம்மாக்கள் இவரிடம் சொன்ன அதே வார்த்தை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திரும்பி அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. போதகர் ஆனால் எந்த ஊருக்கு அனுப்பினாலும் போக வேண்டும். வயதான காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் தனியாகக் கிடக்க வேண்டியதுதான். அது அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. படிப்புக்குப் பரிந்துரைக்கும் முன் பெற்றோரைக் குழுவின் முன் உட்கார வைத்து, மனப்பூர்வமாக அனுப்புகிறீர்களா என்று கேட்பார்கள். வீட்டு மனசு ஒப்பாமல் போனவர்கள் பாதியில் நொந்து திரும்பியதைப் பார்த்துவிட்டு இவரே கொண்டுவந்த வழக்கம். கேட்பவரும் இவர்தான்.

"இந்த ஒரு தடவை வேற யாராவது கேக்கட்டுமே சார்" என்றார் எங்கள் சபைப் போதகர்.

"பொறுப்பு என்னுது ஐயா" என்றார் இவர். பிடிவாதத்துக்குக் குறைச்சல் இல்லாத மனுஷன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நானும் மகளும். கல்யாணமான நாளிலிருந்து என்னை 'ஏய்' என்றே கூப்பிட்டவர், தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா, உங்க மகளை மனப்பூர்வமா அனுப்புறீங்களா?" என்று கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டேனா என்கிற ஏக்கம் அவர் கண்ணில் அப்பட்டமாகத் தெரிந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. பாவமாகவும் இருந்தது.

"நான் அனுப்புறேன். அவ அப்பாவையும் கேளுங்க" என்றேன்.

அவர் மேஜை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். போதகர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோதுதான், "அனுப்புறேன்" என்றார்.

வெளியே வந்ததும் மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீங்க வேணாம்னு சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்ப்பா."

"தெரியும்மா" என்றார். "அதனாலதான் அவ்வளவு நேரமாச்சு."