ஒரு பக்கம் தேய்ந்த ரூபாய்

ஆரணியில் எங்கள் தெருவில் எல்லோரும் காசைச் செலவு செய்வார்கள். என் சித்தப்பா மட்டும் காசைப் படிப்பார். பட்டு நூல் முறுக்கும் மில்லில் அவருக்கு வேலை. வாரக்கூலியோடு வரும் சில்லறையைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நாணயச் சாலையில் தப்பாக அச்சான காசு ஒன்று கிடைத்தால் ஆயிரக்கணக்கில் விலை போகும் என்று எதிலோ படித்துவிட்டார். அன்றிலிருந்து விளிம்பு நெளிந்தது, ஓட்டை விழுந்தது, தண்டவாளத்தில் வைத்து யாரோ நசுக்கியது என்று ஊரிலுள்ள செல்லாக் காசெல்லாம் அவருடைய பிஸ்கட் டப்பாவில் வந்து சேர்ந்தது. கடைக்காரர்கள் அவருக்கென்றே எடுத்து வைத்துக் கிண்டலோடு கொடுப்பார்கள். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார்.

எங்கள் வீட்டில் அப்போது சிரிப்பு என்று இருந்தது சித்தப்பாவின் டப்பா ஒன்றுதான். எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது அண்ணன் வீட்டை விட்டுப் போய்விட்டான். ஒரு முகூர்த்தப் புடவைக்காகத் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலைக் கவனமில்லாமல் அறுத்துவிட்டான் என்று அப்பா அவனை நாடாவால் அடித்தார். தறியில் நூலை இப்படியும் அப்படியும் கொண்டுபோகும் கனமான மரக்கட்டை அது. மறுநாள் காலையில் அவன் இல்லை. அப்பாவின் கண் அப்படிப்பட்ட கண். ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று விட்டுப்போனாலும், கண்ணாடி போடாமல், நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். அந்தக் கண்ணுக்குப் பயந்துதான் அண்ணன் போனான் என்று அம்மா ஒருமுறை சொன்னாள். அதன் பிறகு அப்பா அண்ணன் பெயரையே எடுத்ததில்லை.

அண்ணனின் தறி அப்பாவின் தறிக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. பிள்ளை திரும்பி வந்தால் திருப்பதிக்கு அழைத்து வருவதாக வேண்டிக்கொண்டு, அம்மா ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து அந்தத் தறிமரத்தில் கட்டியிருந்தாள். செவ்வாயும் வெள்ளியும் தலைக்குக் குளித்துவிட்டு அதை அவிழ்ப்பாள். மஞ்சள் உரைத்த கல்லிலேயே காசையும் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி, உதடு அசைய அசையத் தேய்ப்பாள். மஞ்சள் நன்றாக ஏறியதும் மறுபடி முடிந்து கட்டுவாள். பார்த்துப் பார்த்துப் பழகியதால் அதை நான் கவனிப்பதையே விட்டுவிட்டேன்.

எனக்குப் பதினோரு வயது ஆனது. புதிதாக வந்த சின்ன எவர்சில்வர் ரூபாயும் பழைய பெரிய ரூபாயும் சேர்ந்து புழங்கிய காலம் அது. ஒரு பக்கம் மட்டும் அச்சு விழாமல் வெளியே வந்துவிடும் காசுதான் தப்புகளிலேயே ராஜா என்று சித்தப்பா ஒருநாள் சொன்னார். தறியில் கட்டியிருந்த காசின் ஒரு பக்கம் வழுவழுவென்று இருப்பது எனக்குத் தெரியும். அதை விற்ற பணத்தில் அண்ணன் படத்தோடு பத்திரிகையில் விளம்பரம் போடலாம் என்று தோன்றியது. சாமி ஆறு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தார். பத்திரிகை என்றால் மறுநாளே ஊரெல்லாம் போய்விடுமே!

சனிக்கிழமை மதியம் முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்துவிட்டு, வெறும் துணியை மறுபடி கட்டினேன். கோயில் வாசலில் கிடந்தது என்று சித்தப்பாவிடம் பொய் சொன்னேன். அவர் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தார். "பாப்பா, இது இன்னான்னு தெரியுமா உனக்கு?" என்றார். மறுநாள் காலை என்னையும் டப்பாவையும் தூக்கிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினார்.

அங்கே கடிகாரம் பழுது பார்க்கும் ஒரு பாய் பழைய காசும் வாங்குவார். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளினார். "இது சுத்தியல் அடி. இது ரயிலு. இது யாரோ ஆணி வெச்சி தட்டினது." சித்தப்பாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. என்மேல் இரக்கப்பட்டோ என்னவோ, பாய் ஒரு காசைக் காட்டி, வருஷத்துக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத்தில் அடித்தது, வைர வடிவம் இருந்தால் பம்பாய் என்று சொல்லிக் கொடுத்தார். காசில் வருஷம் போட்டிருப்பதையே அன்றுதான் நான் பார்த்தேன்.

கடைசியாகச் சித்தப்பா எங்கள் ரூபாயை எடுத்து வைத்தார். பாய் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு சின்னத் தராசை எடுத்து, ஒரு தட்டில் அதையும் மறு தட்டில் அதே மாதிரியான நல்ல ரூபாய் ஒன்றையும் வைத்தார். எங்கள் ரூபாய் மேலே போய் நின்றது.

"அச்சு வுழாத காசுன்னா எடை கொறையாதுங்க. உலோகம் அப்படியே இருக்கும், எழுத்துதான் இருக்காது. இது பொறக்கச் சொல்ல முழுசாத்தான் பொறந்துகீது. பாருங்க, சன்னமா கோடு, எல்லாம் ஒரே பக்கமா ஓடுது. யாரோ கல்லுல தேச்சிகிறாங்க. ஒருநாள் ரெண்டுநாள் இல்ல, வருஷக் கணக்கா."

யார் தேய்த்தது என்று அந்தக் கடையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

திரும்பி வரும் பஸ்ஸில் கண்ணமங்கலம் தாண்டியதும், "எந்த லூசு இந்த வேலய பண்ணானோ. காலங்காத்தால பேஜார் பண்ணிட்டான்" என்று சொல்லி, சித்தப்பா ரூபாயை ஜன்னல் வழியே வயலில் வீசினார். நான் வாயைத் திறந்தேன். பொய் சொன்ன வாய்க்கு உண்மையை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. பஸ் போய்க்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை சித்தப்பாவின் டப்பாவிலிருந்து, சிங்கம் மழுங்கிய ஒரு பழைய பெரிய ரூபாயைத் திருடினேன். அம்மா தண்ணீருக்குப் போயிருந்த நேரம் பார்த்து அதை மஞ்சள் கல்லில் வைத்துத் தேய்த்தேன். நூறு வரை எண்ணினேன். விரல் எரிந்தது. காசில் பளபளப்பு வந்ததே தவிர, 'ஒன்று' அப்படியே நின்றது. அம்மா எத்தனை தேய்த்திருப்பாள் என்று நினைத்தபோது அழுகை வந்தது. காசுக்கு மஞ்சளைப் பூசித் துணியில் முடிந்து, இருந்த இடத்திலேயே கட்டிவிட்டேன். மறுநாள் எனக்கு அடி நிச்சயம்.

செவ்வாய் காலை அம்மா முடிச்சை அவிழ்த்தாள். காசைத் தண்ணீரில் நனைத்தாள். அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் ரூபாயில் இருக்கும் ஒன்று தெரியும்.

"ஏங்க, ஜல்தி வாங்க. இத பாருங்க. அழிஞ்சி போன ஒண்ணு திரும்ப வந்துகீது. புள்ள வரப்போறான்!"

அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்பா தறிக்குழியிலிருந்து ஏறி வந்தார். காசை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அப்போதுதான் எனக்குப் பாய் சொன்னது ஞாபகம் வந்தது. எட்டிப் பார்த்தேன். காசில் பொறித்திருந்த கதிர்களுக்குக் கீழே வருஷம் தெளிவாக இருந்தது. அண்ணன் போய் இரண்டு வருஷம் கழித்து அச்சான ரூபாய் அது. அம்மா முடிந்து வைத்த நாளில் அது பிறக்கவே இல்லை.

அப்பா காசை ஒருமுறை திருப்பினார். மறுபடி திருப்பினார். என்னைப் பார்த்தார். மஞ்சள் கறை போகாத என் விரல்களைப் பார்த்தார். நான் கையைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

பிறகு அம்மாவின் உள்ளங்கையில் காசை வைத்து, அவள் விரல்களை மூடினார்.

"ஆமா. வந்துகீது" என்றார்.

அன்று சாயங்காலம் அம்மா எனக்குத் தலைவாரிப் பூ வைத்து, பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள். கிளம்புமுன் மொச்சைக் குழம்பு வைத்திருந்தாள்; அண்ணனுக்குப் பிடித்தது. விளக்கு வைக்கும் வரை தறியை விட்டு எழுந்து பழக்கமில்லாத அப்பாவும் சட்டையைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். சென்னை பஸ், வேலூர் பஸ், சேத்துப்பட்டு பஸ் எல்லாவற்றிலும் இறங்குகிறவர்களை மூன்று பேரும் பார்த்தோம். மறுநாளும் போனோம். அந்த மாதம் முழுக்கப் போனோம். அண்ணன் வரவில்லை. ஒவ்வொரு நாளும் கடைசி ஆள் இறங்கும் வரை அப்பாதான் பஸ்ஸின் படியையே பார்த்துக்கொண்டு நின்றார். போகலாமா என்று அம்மாதான் கேட்பாள். இன்னும் ஒரு வண்டி பார்த்துவிடலாம் என்பார்.

நான் தப்பித்துவிட்டேன் என்ற நிம்மதியில் கடலை தின்றுகொண்டிருந்தேன். காசைப் பார்த்தபோது கண்ணாடி போடாததால் அப்பாவுக்கு வருஷம் தெரியவில்லை, அதனால் அவரும் நம்பிவிட்டார் என்றே அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.