ஐந்து சாவிகளும் ஒரு மச்சானும்

சாவி பிடிக்கும் வேலைக்கு வந்தவனுக்கு நிம்மதி கிடையாது; பொதுப் பொறுப்பு எதையாவது தலையில் வாங்கிக்கொண்ட உங்களுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை.

கொட்டாஞ்சேனையில் எனக்குப் பருப்புக் கடை. வியாபாரிகள் நாங்கள் சேர்ந்து ஒரு பிளாக்செயின் வலையமைப்புத் தொடங்கினோம். கொச்சிக்கடை ஸ்டோர்களில் கிடக்கும் எந்த மூட்டை யாருடையது என்பது எல்லார் கணினியிலும் ஒரேமாதிரிப் பதிவாகும். அதற்குத் தனி முதலாளி இல்லை. அது காலூன்றும்வரை காவலுக்கு ஐந்து பேர் கொண்ட பாதுகாப்புச் சபை. ஆளுக்கு விரலளவில் ஒரு மின்சாவி. மூன்று பேர் சாவி போட்டால் வலையமைப்பையே நிறுத்தலாம்.

ஆள் எடுத்த விதம்

இதை உருவாக்கிய, பாமன்கடையில் இருக்கும் கணினிப் பிள்ளை தர்ஷினி, ஒரு சாவியை என் மேசையில் வைத்தாள். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இது எதற்கு என்று கேட்டேன். வெள்ளவத்தையில் கடை வைத்திருக்கும் என் மனைவியின் தம்பி சிவலிங்கத்துக்கும் ஒன்று கொடுத்ததாகச் சொன்னாள். எனக்குச் சூடேறிவிட்டது. அந்த ஆளோடு எனக்குப் பல வருடமாகப் பேச்சில்லை. சாவியைத் திருப்பித் தள்ளினேன்.

"அதுக்குத்தானே அங்கிள் உங்களை எடுத்தது! மூண்டு பேர் கள்ளமாச் சேர்ந்தா எல்லாம் போச்சு. நீங்கள் ரெண்டு பேரும் சேர மாட்டீங்களெண்டு வெள்ளவத்தைக்கே தெரியும்" என்று அதைத் திரும்ப என் பக்கமே தள்ளினாள்.

ஒரே சஹன்

சபையில் இன்னொருவர் ரிஸ்வி நானா. அவர் மகனின் கலியாணத்தில், பெரிய தட்டைச் சுற்றியிருந்து சேர்ந்து சாப்பிடும் சஹன் விருந்து. நானா பெருமையோடு சபையை ஒரே சஹனில் இருத்தி, தானும் இருந்தார். மச்சான் எனக்கு நேரெதிரே. தொலைந்துவிடும் என்ற பயத்தில் ஐந்து பேரும் சாவியைப் பொக்கெட்டிலேயே கொண்டுவந்திருந்தோம்.

வாழ்த்துச் சொல்ல வந்த தர்ஷினி எங்களைக் கண்டு வெளிறிப்போனாள். மூன்று சாவி ஓரிடத்தில் சேரக்கூடாது என்பதுதான் முதல் விதி. இங்கே ஐந்தும் ஒரு தட்டைச் சுற்றி! மூன்று பேர் எழும்பி வெளியே போயே ஆகவேண்டும். கலியாண வீட்டுக்காரரான நானா இருக்கலாம், அவரோடு மூத்தவர் ஒருவர் இருக்கலாம் என்று முடிவானது. மூத்தவன் நான். மச்சான் கோழிக்காலைத் தட்டில் போட்டுவிட்டு எழும்பியதை நான் ஆற அமரப் பார்த்தேன்.

"நீங்க தின்னுங்க மொதலாளி, அவர்ட பங்கும் உங்களுக்குத்தான்" என்றார் நானா.

குரல் பரிசோதனை

ஒருநாள் காலை தர்ஷினி போனில் பதறினாள். அடுத்தவர் மூட்டையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். கள்ளர் காணுமுன் நிறுத்தாவிட்டால் என் பருப்பும் போகும், ஊரார் சாமானும் போகும். சபையில் இருவர் விமானத்தில். நானா சாவி போட்டார், நான் போட்டேன். மிச்சம் மச்சான்.

கடைசியாகப் போடுபவர் மற்ற இருவரின் குரலையும் கேட்டு உறுதிசெய்ய வேண்டும் என்பது விதி. தர்ஷினி எல்லாரையும் ஒரே அழைப்பில் சேர்த்தாள். நானாவின் குரலை ஏற்றுக்கொண்ட மச்சான், என் குரலுக்கு மட்டும், "இப்ப குரலைக் கணினியே செய்யுது. இது அவரெண்டு எப்பிடி நம்புறது?" என்று இழுத்தார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. என் மகள் கலியாணத்தில் அவர் மைக்கைப் பிடித்து, என் படிப்பைச் சொல்லி வந்தவர்களைச் சிரிக்க வைத்ததில் தொடங்கி, ஒன்று விடாமல் திட்டித் தீர்த்தேன். பிறகு வலையமைப்பு நின்றது. ஒரு மூட்டைகூடப் பெயர் மாறவில்லை.

"போட்டிட்டன் பிள்ளை. இது அத்தானேதான். எந்தக் கணினியாலயும் இவ்வளவு கோபத்தை வரிசை பிசகாம வச்சிருக்க ஏலாது."

இப்போது யாராவது வந்து மச்சானோடு சமாதானமாகப் போகச் சொன்னால், வலையமைப்பின் பாதுகாப்பை முன்னிட்டு அது முடியாது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.