பூ லாரிக்கு ஐந்தாவது கியர்

அப்பா விட்டுப்போன மூக்கு லாரிக்கு நாலே கியர்தான். அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு ஐந்து கியர் பெட்டி போடலாமா, வேண்டாமா என்பதில் போன தை மாதம் முழுக்க எனக்கும் அண்ணனுக்கும் பேச்சு சரியாக இல்லை. சண்டை என்று சொல்ல முடியாது. சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும். எங்கள் வீட்டில் கத்துகிறவன் நான் ஒருத்தன்தான். அண்ணன் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்தாலே எனக்கு இன்னும் ஏறும்.

இன்ஜின் மூக்கு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பழைய லாரி ஒரு காலத்தில் காவேரிக்கரை வாழைத்தார் அத்தனையும் சுமந்தது. இப்போது காட்டூரில் என் வீட்டுக்குப் பக்கத்தில் ஷெட்டில் நிற்கிறது. வருஷத்துக்கு ஒரே ஒரு வேலைதான் அதற்கு. மாசி மாதம் சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடை கூடையாகப் பூ ஏற்றிக்கொண்டு போய் மாரியம்மனுக்குக் கொடுக்க வேண்டும். எனக்கு ஐந்து வயதில் அம்மை போட்டுப் பத்து நாள் கண் திறக்காமல் கிடந்தேனாம். பிள்ளை பிழைத்தால் வருஷா வருஷம் எங்கள் லாரியிலேயே பூ வரும், லாரிக்கு முன்னால் அவன் நடந்து வருவான் என்று அம்மா வேண்டிக்கொண்டாள். பிழைத்தேன். நடக்கிறேன். முதலில் அப்பா ஓட்டினார், அப்பாவுக்குப் பிறகு அண்ணன் ஓட்டுகிறார்.

அண்ணனுக்கு அறுபது ஆகிவிட்டது. இடது முழங்கால் தேய்ந்து போயிருக்கிறது. லாரியில் கிளட்ச் மிதிப்பது அந்தக் கால்தான். பழைய கியர் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும், இல்லாவிட்டால் கரகரவென்று பல்லைக் கடிக்கும். போன வருஷம் சமயபுரத்தில் இறங்கியவர் அரை மணி நேரம் லாரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். காற்று நல்லா வருது என்றார். அங்கே ஏது காற்று? பின்னால் டீக்கடை அடுப்புதான் இருந்தது.

பொங்கல் முடிந்ததும் ஸ்ரீரங்கத்திலிருந்து அண்ணி போன் செய்தார். இந்த வருஷம் அவரை ஓட்ட விடாதீங்க தம்பி, வேற டிரைவர் வெச்சுக்கங்க என்றார். இதையே அண்ணனிடம் சொன்னதற்குப் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டாராம். சாப்பாட்டில் கோபத்தைக் காட்டுகிற ஆளே இல்லை அவர். அப்படியானால் அவருக்கு அந்த ஸ்டீயரிங் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிந்தது. அவர் ஓட்டவும் வேண்டும், கால் கெடவும் கூடாது. அதற்கு வழி கண்டுபிடிப்பது என் பொறுப்பு என்று நானே தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டேன்.

பால்பண்ணைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் இருக்கிறார். அவர்தான் ஐந்து கியர் பெட்டியைப் பற்றிச் சொன்னார். உடைத்துப் போட்ட பிந்தைய மாடல் லாரி ஒன்றின் பெட்டி நல்ல நிலையில் கிடைத்திருக்கிறது. கிளட்சை ஒரு முறை மிதித்தால் போதும், வெண்ணெய் மாதிரி கியர் விழும். ஐந்தாவது கியர் ஓவர்டிரைவ். இன்ஜின் அலுங்காமல் சுற்றும், சக்கரம் ஓடும். உண்மையைச் சொன்னால் அந்த வார்த்தையைக் கேட்டதும் என் புத்தி வேறு பக்கம் போய்விட்டது. சென்னை ரோட்டில் எங்கள் லாரி நாற்பத்தைந்தைத் தாண்டினால் தொண்டை கிழியக் கத்தும். பின்னால் வருகிற ஆம்னி பஸ்காரன் ஹாரன் அடித்தே என்னைப் பள்ளத்தில் இறக்கிவிடுவான். ஒரு தடவையாவது அவனுக்குச் சமமாக ஓட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அண்ணன் காலுக்கும் நல்லது, என் ஆசைக்கும் நல்லது. இதைவிட என்ன வேண்டும்?

முதல் கியர் மட்டும் பழையதைவிடக் கொஞ்சம் வேகமாக இருக்கும் என்று மெக்கானிக் போகிற போக்கில் சொன்னார். வேகமாக இருந்தால் நல்லதாப் போச்சு என்றேன். நான் பிடித்த முயலுக்கு மூணே கால்.

அண்ணனிடம் சொன்னேன். வேண்டாம் என்றார். இருக்கிறது நல்லாத்தானே இருக்கு என்றார். மறு வாரமும் சொன்னேன், அதே பதில். மூன்றாவது வாரம் அவர் வீட்டுக்கே போய், அப்பா தொட்ட இரும்பு என்பதற்காகக் காலைக் கெடுத்துக்கொள்வாரா, இது என்ன வீம்பு என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அண்ணி காபி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் காபியைக் குடித்து முடித்தார். அதே பெட்டி போட்ட லாரி எங்கேயாவது இருந்தால் ஒரு தடவை பார்க்கலாம் என்றார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

துறையூர்க்காரர் ஒருவரின் மூக்கு லாரி, எங்களுடையதைப் போலவே, ஐந்து கியர் போட்டு முடித்து மெக்கானிக்கின் பட்டறையில் நின்றது. பட்டறைக்குப் பின்னால் நடமாட்டமில்லாத ஒரு மண் ரோடு. ஓட்டிப் பாருங்கண்ணே என்று கதவைத் திறந்துவிட்டேன். அண்ணன் ஏறவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"நீ ஏறு. நான் முன்னால நடக்குறேன். பூ கொண்டு போற மாதிரி பின்னாலயே வா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கென்ன என்று ஏறினேன். லாரியைச் சென்னை ரோட்டில் ஓட்டியிருக்கிறேன், மார்க்கெட்டுக்கு ஓட்டியிருக்கிறேன். பூ நாளன்று மட்டும் ஓட்டியதே இல்லை. அன்றைக்கு நான் முன்னால் அல்லவா நடப்பேன்? முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். லாரி ஓட்டமெடுத்தது. அய்யய்யோ என்று கிளட்சை மிதித்தேன், நின்றது. விட்டேன், மறுபடி பாய்ந்தது. நடக்கிற வேகத்துக்கு அதைப் பிடித்துவைக்கக் கிளட்சைப் பாதியிலேயே அழுத்திக்கொண்டு வர வேண்டியிருந்தது. இரண்டு நிமிஷம்கூட இருக்காது, கிளட்ச் கருகும் வாடை வந்துவிட்டது. நல்ல முழங்கால் என்னுடையது, அதுவே வெடவெடவென்று நடுங்கியது.

அதைவிட முன்னால் பார்த்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை. லாரியின் மூக்கு மறைப்பதால் அண்ணனின் முதுகும் தலையும்தான் தெரிந்தன. ஒவ்வோர் அடிக்கும் தலை இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. இவ்வளவு நொண்டுகிறாரா? எதிரே நின்று கத்தியே பழகியவன், பின்னாலிருந்து அவரைப் பார்த்ததே இல்லை. அந்த நேரம் பார்த்துக் கால் வழுக்கி லாரி குதித்தது. பிரேக்கை மிதித்த மிதியில் இன்ஜின் அணைந்தது. அவர் முதுகுக்கும் லாரிக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருந்தால் அதிகம்.

அண்ணன் மெல்ல வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நம்ம வண்டியில பஸ்ட் கியர் போட்டுட்டா அது பாட்டுக்கு நடக்கும். கோயில் வரைக்கும் நான் கிளட்ச்ச தொடுறதே இல்ல. காட்டூர்லேந்து ஊருக்குள்ள வர்றதுதான் காலைக் கொல்லுது."

"இத மொதல்லயே சொல்லக்கூடாதாண்ணே?"

"நீ எங்கடா கேட்ட? சொல்லிக்கிட்டுல்ல இருந்த."

செருப்பால் அடித்தது போலிருந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? அப்படியானால் பெட்டியை மாற்ற வேண்டாம், ஆனால் கால் இந்த லட்சணத்தில் இருக்கும்போது டிரைவர் ஒருத்தரைப் போட்டுவிடலாம், நீங்க பூக்கூடைங்களோட மேல உக்காந்து வாங்க என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்.

அண்ணன் ஜன்னலிலிருந்து கையை எடுத்தார்.

"உனக்கு அம்மை போட்டப்ப வேப்பிலையும் வாழையிலையும் விரிச்சு உள்ள படுக்க வெச்சிருந்தாங்க. எனக்குப் பதினொரு வயசு. ஒட்டிக்கும்னு என்னை வாசப்படியோட நிறுத்திட்டாங்க. பத்து நாளும் உன்னைக் கண்ணால பாக்க விடல. இருக்கியா போயிட்டியான்னு யாரும் எனக்குச் சொல்லல. இப்ப வருஷத்துக்கு ஒரு நாள் நீ முன்னால நடந்து போறத ஆற அமரப் பாத்துக்கிட்டு வர்றேன். அந்த எடத்த இன்னொருத்தனுக்குக் குடுக்கச் சொல்றியா?"

அம்மையைப் பற்றி அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். வாசலில் நின்ற பையனைப் பற்றி ஒரு தடவைகூட யாரும் சொன்னதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை. நான் லாரியை விட்டு இறங்கி அவர் செருப்பை எடுத்துவந்து காலடியில் போட்டேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

மெக்கானிக்கிடம் பெட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆம்னி பஸ்காரன் ஹாரன் அடித்துவிட்டுப் போகட்டும். அண்ணியிடம் நானே பேசினேன். காட்டூரிலிருந்து லாரியை நான் எடுத்துவருகிறேன், ஸ்ரீரங்கத்தில் பூ ஏற்றிக்கொண்டு கொள்ளிடப் பாலம் தாண்டி, நான் நடக்கத் தொடங்குகிற டோல்கேட் வரை கியர் மாற்றுகிற தொல்லையெல்லாம் என்னுடையது, அங்கே அண்ணன் உட்கார்ந்து ஒரு தடவை கியர் போட்டால் போதும் என்றேன். இத்தனை வருஷமாக இது உங்க ரெண்டு பேருக்கும் தோணலையா தம்பி என்று கேட்டார். தோன்றவில்லை. சாவியை அண்ணனிடம் கொடுத்தே எனக்குப் பழக்கம், வாங்கிப் பழக்கமில்லை.

பூ கொண்டு போகிற அந்த ஞாயிற்றுக்கிழமை காலை டோல்கேட்டில் நான் இறங்கினேன். அண்ணன் கம்பியைப் பிடித்து, கையால் இடது காலைத் தூக்கி வைத்து ஏறினார். ஏறுவதற்கு நான் உதவவில்லை, உதவியிருந்தால் திட்டியிருப்பார். கியரைப் போட்டார். லாரி அசைந்து என் பின்னால் வரத் தொடங்கியது. மஞ்சள் வேட்டிக்காரர்கள் கூட்டத்தில் நான் செருப்பில்லாமல் நடந்தேன். பாதி வழியில் ஒரு கருங்கல் ஜல்லி உள்ளங்காலில் நன்றாக ஏறிவிட்டது. ரத்தம் வந்தது. சமயபுரம் போய்ச் சேருகிற வரை நான் நொண்டவில்லை. அண்ணன் பார்த்துக்கொண்டு வந்தார்.